மண்ணச்சநல்லூர் பார்ட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை

என் தங்கை கழுத்தில் தாலி கட்டி, அவசரமாக விட்டுப் போன அன்பு மாப்பிள்ளைக்கு,

செல்வி படிக்கிறாள். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ஸ்ரீரங்கத்து வீட்டில், உங்கள் மேசையில், நீங்கள் எழுதி வைத்த நோட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, வங்கி கிளார்க் தேர்வுக்கு இங்கிலீஷ் படிக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பரீட்சை.

வயது தாண்டியிருக்குமே என்று யோசிப்பீர்கள். தாண்டித்தான் விட்டது. ஆனால் விண்ணப்பத்தில் கைம்பெண்ணா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆம் என்றால் வயதில் தளர்வு உண்டு. அந்தக் கட்டத்தைத் தொட்டுவிட்டு அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நீங்கள் இல்லாமல் போனதற்குக் கொடுக்கிற சலுகை அது. வியாபாரத்தில் எத்தனையோ தள்ளுபடி பார்த்தவன் நான். இப்படியொன்றைப் பார்த்ததில்லை.

கடையிலேயே வந்து உட்காரச் சொல்லிப் பார்த்தேன். பாலக்கரையில் ஒற்றை ஆளாய் எவர்சில்வர் பாத்திரக் கடை போட்டு நிமிர்ந்தவனுக்குத் தங்கைக்குச் சோறு போட முடியாதா?

"உன் கடையில உக்காந்தா நான் முதலாளி தங்கச்சி. எனக்குன்னு ஒரு வேலை வேணாமாண்ணே?" என்றாள்.

அதே கடையில் நான்கு வருஷம் நீங்கள் முதலாளி மாப்பிள்ளையாகத்தானே உட்கார்ந்திருந்தீர்கள்.

மாப்பிள்ளையை வேலை ஏவக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் "இதை எடுங்க" என்றுகூட நான் உங்களிடம் சொன்னதில்லை. லீவு என்று நீங்கள் என்னிடம் கேட்டதும் இல்லை. கேட்டால் மாப்பிள்ளை வேலைக்காரர் ஆகிவிடுவார். வங்கி வேலை கிடைக்கும் வரை சும்மா வந்து இருங்கள் என்றுதான் கூப்பிட்டேன். கூட்டம் இல்லாதபோது, தட்டுகளுக்கு நடுவே வைக்கிற காகிதத்தில் இங்கிலீஷ் வார்த்தையை எழுதி, அதை வைத்து வாக்கியம் அமைத்துக்கொண்டிருப்பீர்கள். எட்டாவதோடு நின்ற எனக்கு அது பொழுதுபோக்கு மாதிரி இருந்தது.

அந்த ஆவணி மாதத்துச் சனிக்கிழமை. கல்லாப் பக்கம் வந்து நின்றீர்கள்.

"மச்சான், நாளைக்குக் காலையில கொஞ்சம்..."

"நாளைக்கு நீங்க இல்லாம ஆகாது மாப்பிள்ளை. மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் பார்ட்டி சீர்ப் பாத்திரம் எடுக்க வர்றாங்க. சம்பந்தி வீட்டம்மா பம்பாயாம், தமிழ் வராது. என் இங்கிலீஷ் பிக்ஸட் ரேட்டோட முடிஞ்சு போயிரும்!"

சிரித்தீர்கள். "சரிங்க மச்சான்" என்றீர்கள்.

மறுநாள் அந்த பம்பாய் அம்மாவிடம் நீங்கள் பேசியதை மற்ற பார்ட்டிகளும் நின்று கேட்டார்கள். அண்டா முதல் அரிவாள்மணை வரை எங்களிடமே எடுத்தார்கள். "எங்க மாப்பிள்ளை" என்று உங்கள் தோளில் கை போட்டு எல்லோரிடமும் பெருமை அடித்தேன். மத்தியானம் இலையில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தீர்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன்.

போன மாதம் ஒரு மாலை ஸ்ரீரங்கம் போயிருந்தேன். செல்வி உங்கள் நோட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். உதாரண வாக்கியங்களில் பாதி என்னைப் பற்றித்தானாமே?

"சிக்கனத்துக்கும் நீதாண்ணே, கஞ்சத்தனத்துக்கும் நீதான். எதுல உன்னை வைக்கிறதுன்னு தெரியாம ரெண்டுலயும் வச்சிருக்காரு!"

நீங்கள் போய் ஒன்றரை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். உள்ளே மடித்து வைத்த உங்கள் ஹால் டிக்கெட். மண்ணச்சநல்லூர் பார்ட்டி வந்த அதே ஞாயிற்றுக்கிழமைத் தேதி. அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளிடம் சொன்னேன்.

"அதோட அவருக்கு வயசு முடிஞ்சுது. கடைசித் தடவைண்ணே அது. தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா."

"அவரு சொல்லலையா?"

"சொல்ல வந்தாரு."

அந்தத் தாளைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்து நோட்டுக்குள் வைத்தாள். "எங்கிட்ட, பரீட்சை எழுதினேன், பெயிலாயிட்டேன்னாருண்ணே. ராத்திரி பகலா படிச்சும் ஏறலையான்னு எவ்வளவு பேசினேன் தெரியுமா" என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டெங்கு வந்து நான்கே நாளில் நீங்கள் போனதற்கும் அந்தப் பரீட்சைக்கும் சம்பந்தம் இல்லை. எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதாத பரீட்சையில் தோற்றதாகச் சொல்லிக்கொண்டு எப்படி மாப்பிள்ளை இருந்தீர்கள்? என்னைக் காட்டிக் கொடுத்தால் அண்ணன் தங்கை உறவு கெடும் என்றா?

செல்விக்குக் கணக்கு வந்துவிடுகிறது. இங்கிலீஷ்தான் தடுக்குகிறது. பிழையைக் கண்டுபிடி என்றால் எல்லா வாக்கியமும் பிழையாகத் தெரிகிறதாம். மாதிரித் தேர்வில் பாதியை விட்டுவிட்டாள். தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. தேறினால் தர்மபுரியோ ராமநாதபுரமோ போட்டுவிடுவார்களே என்றும் மனசு கிடந்து அடிக்கிறது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள். கல்லாவில் என் மனைவி இருப்பாள். நான்தான் செல்வியைத் தேர்வு மையத்துக்குக் கூட்டிப்போய், வெளியே வரும் வரை வாசலில் நிற்கப்போகிறேன்.

உங்கள் அப்பாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. வருகிறவர்களிடமெல்லாம், "பையன் நல்லாத்தான் படிச்சான், என்னமோ தேற முடியல" என்கிறார். கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி காபி குடித்துவிட்டு வந்திருக்கிறேன், இரண்டு தடவை. செல்வி சொல்ல மாட்டாள். சொல்ல வேண்டியவன் நான். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொண்டுவந்து விடும்போது அவர் எதிரே உட்கார்ந்து, உங்கள் மகன் தோற்கவில்லை, நான்தான் எழுத விடவில்லை என்று சொல்லிவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவர் என்னை வீட்டுக்கு வராதே என்றாலும் சரி.

இப்படிக்கு,
கடைசிவரை நீங்கள் வாய் நிறைய மச்சான் என்று கூப்பிட்ட
முருகேசன்