சேவல் தலையைச் சிலுப்பும்வரை

ஆகஸ்டு 12, செவ்வாய், கிள்ளான்

நாளை ஆங்கில வகுப்பில் என் கட்டுரையை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். முனியாண்டி கோயிலில் அப்பா சேவல் பலி கொடுத்ததைப் பற்றியது. அதில் பலியிடுவதற்கு 'இம்மொலேட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெருமையாகப் போட்டிருந்தேன். இன்று பஸ்ஸில் என் தோழி ஷாலினி அதைப் படித்துவிட்டு, "உங்கப்பா சேவல எரிச்சாராடி?" என்றாள்.

"அறுத்தாருலா."

"இத கேட்டா எல்லாரும் எரிச்சாருன்னுதான் நினைப்பாங்க."

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். இப்போது பெரும்பாலும் தீயிட்டுக் கொல்வதற்குத்தான் அந்தச் சொல் வழங்குகிறது. ஆனால் பழைய லத்தீனில், பலிக்கு முன் விலங்கின்மேல் மாவு தூவுவதைக் குறித்ததாம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அப்பாவும் சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, அது தலையைச் சிலுப்பிச் சம்மதம் தரும்வரை கத்தியைத் தொடமாட்டார். இந்த முறை அரை மணி நேரம் காத்து நின்றார். வகுப்பில் சிரிப்பார்கள் என்று பயந்து, அதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன்.

சொல்லை அடித்துவிட்டு அந்த அரை மணி நேரத்தை எழுதினேன். பாதியைப் படமெடுத்து ஷாலினிக்கு அனுப்பினேன்.

"சிலுப்புச்சா இல்லையாடி? மீதிய அனுப்பு," என்று உடனே பதில் வந்தது.

அவள் சிரிக்கவில்லை. நாளை தைரியமாக வாசிப்பேன் என்றுதான் தோன்றுகிறது.