இந்த மாதம் யார் முறை

கோல சிலாங்கூர்,
9 மார்ச் 2024

மாமாவுக்கு,

நானும் நம் மகன் திலீப்பும் இருக்கிறோம். நேற்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு உங்களைப் பார்க்கச் சிறைக்கு வந்தேன். இந்த மாதச் சந்திப்பு முடிந்துவிட்டது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். யார் வந்தது என்று கேட்டேன். உலு யாமிலிருந்து புனிதவதி என்றார்கள்.

உங்களுக்கு அவள் இருப்பது எனக்குத் தெரியும். தோட்டத்து லயத்துக்கே தெரியும். ஆனால் மாதத்துக்கு ஒரே ஆளைத்தான் விடுகிறார்கள். அதற்கும் என் பெயரோடு அவள் பெயரையும் கொடுத்திருக்கிறீர்கள்.

யார் வரவேண்டும், நீங்களே சொல்லுங்கள். இதை அதிகாரி படித்துவிட்டுத்தான் தருவார். படிக்கட்டும்.

குமுதா

21 மார்ச் 2024

அன்புள்ள குமுதா,

உன் கோபம் நியாயம். புனிதம் அழுதாள், அதனால் பெயரைக் கொடுத்துவிட்டேன். இனி நீ மட்டும் வந்தால் போதும். அவளிடம் நான் சொல்லிவிடுகிறேன். முதுகுவலி பரவாயில்லை. திலீப்பை அடிக்காதே. முதலாளி வந்து பார்த்தாரா?

உன் வாசு

கோல சிலாங்கூர்,
14 ஏப்ரல் 2024

மாமாவுக்கு,

இன்று வருஷப்பிறப்பு. உங்கள் முதலாளி கோயிலில் மாலையோடு முன்வரிசையில் நின்றார். திருட்டுச் செம்பனைக் குலையை ஏற்றச் சொன்னவருக்குப் பரிவட்டம். லோரி ஓட்டிய நீங்கள் உள்ளே.

போன வாரம் நாலு கேள்வி கேட்கலாம் என்று உலு யாமுக்குப் போனேன். "இனிமே நீ அங்க போகாதே, நான் மட்டும் வந்தா போதும்னு எழுதியிருக்காரு" என்றேன். புனிதவதி சிரித்துவிட்டாள்.

"எனக்கும் அதேதான் சொன்னாரு லா, அக்கா. குமுதாகிட்ட நான் பேசிக்கிறேன்னாரு. பேசுனாரா?"

"எங்க பேசுனாரு!"

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை, கோபம்கூட. சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

உங்களுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. முதலாளியிடம் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் அதை நல்ல மனசு என்று நினைத்துக் குடும்பம் நடத்தினேன். இனி நீங்கள் மாறுவீர்கள் என்று காத்திருக்கப் போவதில்லை. உங்களை விட்டுவிடவும் போவதில்லை.

ஒரு மாதம் நான், ஒரு மாதம் அவள். இந்த மாதம் நான் வருகிறேன். மே மாதம் அவளை என் சின்ன 'கஞ்சில்' காரில் நானே கூட்டி வருவேன். அவள் பார்த்துவிட்டு வரும்வரை நானும் திலீப்பும் வெளியே காரில் இருப்போம். இதில் நீங்கள் எதுவும் சொல்லவேண்டாம்.

வெளியே வந்ததும் எந்த வீட்டுக்கு வருவீர்கள் என்பதை மட்டும் நீங்கள் சொல்லவேண்டும். அது உங்கள் வாயால்தான் வரவேண்டும்.

குமுதா

2 மே 2024

அன்புள்ள குமுதா,

போன வாரம் உன்னைப் பார்த்ததில் மனசு லேசாக இருக்கிறது. இளைத்துவிட்டாய். புனிதத்துக்குக் காரில் வாந்தி வரும், முன்னால் உட்காரவை. வெயிலில் காரை நிறுத்தினால் கண்ணாடியை இறக்கிவிடு, திலீப்புக்கு மூச்சு முட்டும்.

எந்த வீடு என்று கேட்டிருந்தாய். யோசித்தேன். நீங்கள் இருவரும் பேசி எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

உன் வாசு