நெய்க்கடை வீட்டுக்கு வந்த வீகன் விருந்தாளி

மட்டாஞ்சேரி,
5-2-2025, புதன்.

அன்புள்ள அனந்தலக்ஷ்மிக்கு அப்பா எழுதுவது. இவ்விடம் நானும் அம்மாவும் உன் தங்கை அதிதியும் சுகமாக இருக்கிறோம். அவ்விடம் ஒசாகாவின் குளிர் உன் உடம்பைக் கெடுக்காமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் முதல் கவலை. மற்றக் கவலைகளைக் கீழே வரிசையாக எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நீ அடுத்த வேலைக்குப் போயிருப்பாய். மலையாளத்தில் எழுதியிருந்தால் ஒரே மூச்சில் படித்து முடித்திருப்பாய். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்பதால் தமிழில் எழுதுகிறேன். இது மெதுவாகப் படிக்கப்பட வேண்டிய கடிதம்.

அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் சொன்ன பயிற்சியை நான் பக்கத்தில் நின்றால்தான் செய்கிறாள். அதிதி காக்கநாட்டுக் கணினிக் கம்பெனி வேலைக்குத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறாள், வந்ததும் தொலைபேசியோடு படுத்துவிடுகிறாள், சாப்பிடும்போதாவது அதைக் கீழே வை என்று சொல்லி அலுத்துவிட்டேன். எனக்குப் புது மிளகு வரத் தொடங்கிவிட்டது. கிடங்கில் நாளொன்றுக்கு நாற்பது மாதிரிப் பொட்டலங்களைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. இவ்வளவும் வழக்கமான செய்திகள். இனி எழுதப்போவது கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கே காலுக்கு நடந்தது.

ஞாயிறு மாலை நம் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். வாரம் முழுதும் சேர்த்த வெண்ணெயை அம்மா உருக்குவாள். அந்த மணம் தெருமுனை வரை போகும். முனையில் சாயாக்கடை வைத்திருக்கும் ஒச்சப்பன், அதை மோந்துதான் தனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தெரிகிறது என்பான். அன்றைக்கு அவனே வாசலில் வந்து நின்றான், பின்னால் அறுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மையார். ஒச்சப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சாமி, ஒங்க வீட்டத்தேன் தேடி வந்துருக்காக. பன்னெண்டு தலமொறயா பாலே தொடாத குடும்பம் எதுன்னு காகிதத்தக் காட்டிக் கேக்குறாக. படத்துல நம்ம பெரிய பாப்பா! அட, நெய்க்கடைச் சாமி வீட்டயா கேக்குறீகன்னேன், கடையில இருந்த சேட்டன்மாரு பூராம் சாயாவ துப்பிப்புட்டாக" என்றான். அவனை நான் பார்த்த பார்வையில் போய்விட்டான்.

வந்தவர் பெயர் ஹெல்கா. ஜெர்மனிக்காரர், ஓய்வுபெற்ற செவிலியர். கடந்த நவம்பரில் ஒசாகாவில், இறைச்சியோடு பாலையும் நெய்யையும் விலக்கிய வீகன்களுக்காக நீ நடத்தும் மாலை நேர உணவு உலாவில் உன்னோடு வந்தவராம். கையில் உங்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தை இரண்டு தாள்களில் அச்செடுத்து வைத்திருந்தார். முதல் தாளில் உன் படம், அதன் கீழே உன்னைப் பற்றி ஐந்து வரி. தென்னிந்தியக் கோயில் சமையற்காரர் பரம்பரையில் பிறந்தவள் நீ. உன் குடும்பம் பன்னிரண்டு தலைமுறைகளாகப் பாலையும் நெய்யையும் தொட்டதில்லை. கொச்சியின் பழைய துறைமுகப் பகுதியில் அந்தப் புராதனச் சமையலறை இன்றும் இருக்கிறது. உன் பெயரும் 'அனந்தா' என்று அரைவாசியாகக் குறைக்கப்பட்டிருந்தது. நான் அதை இரண்டு முறை படித்தேன். நம் குடும்பத்தில் கோயிலில் சமைத்தவர் ஒருவரும் கிடையாது. உன் தாத்தா பாலக்காட்டிலிருந்து இங்கே வந்து நாற்பது ஆண்டு நெய் விற்றார். அந்த நெய்தான் என்னைப் படிக்கவைத்தது, இந்த வீட்டைக் கட்டியது. புராதனச் சமையலறைக்குத் தரையை மாற்றி டைல்ஸ் போட்டது இரண்டாயிரத்துப் பதினாறில். நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் நீ.

இரண்டாம் தாள் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதில் உன் உலாவின் நிகழ்ச்சி நிரல். மூன்று மணி நேரம், நான்கு கடைகள், எட்டுப் பேர். முதல் கடையில் ஆக்டோபஸ் இல்லாத ஆக்டோபஸ் உருண்டை. உள்ளே ஏதோ கிழங்கு மாவில் செய்த ரப்பர்த் துண்டு, மெல்லும்போது ஆக்டோபஸ் போலவே இழுபடும் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆக்டோபஸ் வேண்டாதவன் அதை நினைத்துக்கொண்டு மெல்லுவானேன்? நம் வீட்டில் யாராவது வாழைக்காயை மீன் வடிவத்தில் நறுக்கிப் பார்த்திருக்கிறாயா? இரண்டாவது கடையில் பன்றி எலும்புச் சாறு போலவே தோற்றமளிக்கும் சோயாப்பால் நூடுல்ஸ். மூன்றாவதில் குச்சியில் குத்திப் பொரித்த தாமரைக்கிழங்கு. அதற்கு ஒரு 'கதை' சொல்லப்படுமாம். தாமரைக்கிழங்கை அம்மா நூறு முறை வற்றல் போட்டிருக்கிறாள், ஒரு முறையும் அது கதை கேட்டதில்லை. நான்காவதில் சீஸ் இல்லாத சீஸ் கேக். இவ்வளவையும் தெருவில் நின்றுகொண்டு தின்றுவிட்டு, எல்லோரும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு கலைவது. எதைத் தின்னமாட்டேன் என்று சபதம் செய்தார்களோ அதன் சாயலையே தேடித் தேடித் தின்பதற்கு வழிகாட்டி வேறு வேண்டியிருக்கிறது இந்த மனிதர்களுக்கு. உயிரியல் படித்த பெண் நீ. உன் வகுப்பில் படித்தவர்கள் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும்போது, தேன் என்பது தேனீயிடமிருந்து திருடப்பட்டதா என்ற விவாதத்துக்கு நீ தெருவிளக்கின் கீழே நின்று தீர்ப்பு வழங்கிக்கொண்டிருக்கிறாய். இது என் கருத்து. மாறவில்லை, மாறப்போவதும் இல்லை.

ஆனால் கடிதம் அதைப் பற்றியது அன்று. ஹெல்கா அம்மையார் வாசலில் நின்று மூச்சை ஆழ இழுத்து, இவ்வளவு அருமையான மணம் எதனுடையது என்று கேட்டார். அந்த நொடியில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என்ன செய்தேன் என்பதைத்தான் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. அவர் கையில் உன் படம் இருந்தது. நெய் என்று சொன்னால் என் மகள் பொய்க்காரி என்று என் வாசலிலேயே நான் சொன்னதாகிவிடும். அம்மா அப்போதுதான் பதம் பார்த்து நெய்யில் ஒரு கொத்து முருங்கையிலையைப் போட்டிருந்தாள். ஆகவே, முருங்கையிலை பொரிகிறது, அதன் மணம் என்றேன். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. 'மலபார் மிளகு கலந்தது' என்று மூட்டையின்மேல் அச்சடித்துக்கொண்டு வருவார்கள், பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்திருக்கும். அப்படிப்பட்ட மூட்டைகளை இருபத்தாறு ஆண்டுகளாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பவன் நான்.

அதற்கு மேல் அவர் கேட்டது, நான் சொன்னதற்கு எனக்கு வேண்டியதுதான். முருங்கையிலையைப் பற்றிப் படித்திருக்கிறேன், கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று உள்ளே வந்து உட்கார்ந்தபடியே கேட்டார். நாங்கள் பேசிய ஆங்கிலத்தில் அம்மாவுக்கு 'முருங்கை' மட்டும் புரிந்திருந்தது. நெய்யை வடிகட்டி, மொறுமொறுவென்று இருந்த இலையை உப்புத் தூவித் தட்டில் கொண்டுவந்துவிட்டாள். நான் கண்ணைக் காட்டினேன். "என்னத்துக்காக்கும் இப்படி முழிக்கறேள்? வந்தவா வாயத் திறந்து கேட்டுட்டா, குடுக்காம அனுப்பச் சொல்றேளா?" என்று என்னையே கடிந்துகொண்டு தட்டை நீட்டினாள். அந்த அம்மையார் பதினோரு ஆண்டுகளாகப் பால் வகை எதையும் உட்கொண்டதில்லை என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார். அவருடைய விதி எனக்கு அபத்தமாகத்தான் படுகிறது. இருந்தாலும் பதினோரு ஆண்டு காத்த விதி, என்னுடைய அரைவாக்கியத்தால் என் வீட்டு நாற்காலியில் உடையப் போகிறது. அவருடைய விரல் இலையைத் தொடுவதற்குள் நான் தட்டின்மேல் கையை வைத்து மூடிவிட்டேன். அம்மையாரே, இது நெய். என் தகப்பனார் நெய் வியாபாரி. இந்தத் தாளில் எழுதியிருப்பது உண்மையல்ல. முதலில் நான் சொன்னதும் ஏமாற்று என்று நின்றுகொண்டே சொன்னேன். உள்ளங்கையில் சூடு பட்டது, கொப்புளம் ஏதும் இல்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உன் படத்தைக் காட்டி, அந்த நவம்பர் மாலையைப் பற்றிச் சொன்னார். நூடுல்ஸ் கடையில் எட்டுப் பேரும் குளிரில் பசியோடு நின்றிருக்கிறார்கள். நீ ஒவ்வொரு கடையிலும் கேட்பது போல அன்றும் உள்ளே போய்ச் சமையற்காரரிடம் கேட்டாயாம். வெளியே வந்து, இன்று இங்கே சாப்பிட முடியாது, காலையில் சாற்றில் காய்ந்த மீன்பொடி ஒரு கரண்டி சேர்த்துவிட்டார்கள், பொடியை மீன் என்று அவர் எண்ணவில்லை, தவறு அவருடையதல்ல என்று சொல்லி, சமையற்காரரிடமும் அவர்களிடமும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, தெருவோரத்தில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்கிக் கொடுத்தாயாம். அவள் பேசாமல் இருந்திருந்தால் எங்கள் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, அவள் சொன்னாள், அதனால்தான் அவள் பிறந்த வீட்டைப் பார்க்க வந்தேன் என்றார். பிறகு என்னைப் பார்த்து, இரண்டில் எந்தப் பெண்ணை நான் நம்புவது என்று கேட்டார். பதில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் போனபின் அதிதியை விசாரித்தேன். "அக்கா எழுதலைப்பா, அவ மொதலாளி எழுதினது. பரம்பரைன்னு போட்டாத்தான் ஆள் வருவான்னாராம், அவ சரின்னுட்டா. உங்ககிட்ட சொன்னா லெட்டர் போடுவேள்னுதான் சொல்லலை" என்றாள். எழுதியவர் யார் என்பது எனக்குப் பொருட்டல்ல. அந்த முதலாளியை நான் ஒரு மனிதராகவே கணக்கில் எடுக்கவில்லை. ஒப்புக்கொண்டவள் நீ, படம் உன்னுடையது. ஒரு கரண்டி மீன்பொடிக்காக எட்டுப் பேரைப் பட்டினியாக நடக்கவைத்தவள், பன்னிரண்டு தலைமுறைப் பொய்யை எப்படி விழுங்கினாய்? உன் தாத்தாவின் நெய்யில் ஒருவரும் ஒரு நாளும் குறை கண்டதில்லை. அவரைத் தாளிலிருந்து அழித்துவிட்டு அந்த இடத்தில் இல்லாத ஒரு கோயில் சமையற்காரரை உட்காரவைக்க, உனக்கு யார் அனுமதி கொடுத்தது?

ஹெல்கா அம்மையார் ஏப்ரல் நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, மறுபடியும் உன் உலாவுக்குப் பதிவு செய்திருக்கிறார். அதுவரை கம்பெனிக்கு ஒன்றும் எழுதமாட்டேன், அன்று முதல் கடையின் முன்னால் அவள் தன்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன் என்றார். அவர் எழுதினால் முதலாளி பழியை உன்மேல்தான் போடுவார், வேலையும் போகும், வேலையை ஒட்டியிருக்கும் உன் விசாவும் போகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே கவனமாகப் படி. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே முதலாளியிடம் போய் அந்த ஐந்து வரியையும் எடுக்கச் சொல். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள். மறுத்தால் நீயே விலகிவிடு. விலக்கப்படும் வரை காத்திருக்காதே. ஜப்பானிய மொழி தெரிந்தவர்களைக் காக்கநாட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அதிதி சொல்கிறாள். உன் அறையில் உன் கட்டில் இருக்கிறது, அதன்மேல் அதிதி துணிகளைக் குவித்து வைத்திருக்கிறாள், அரை மணி நேரத்தில் அகற்றிவிடலாம்.

இன்னும் ஒன்று. புறப்படும்போது அவர் முதல் தாளை என் முன்னால் வைத்து, அந்த ஐந்து வரியையும் அடித்துவிட்டு உண்மையை எழுதிக் கையெழுத்திட்டுத் தர முடியுமா என்று கேட்டார். கிடங்கில் வைத்திருக்கும் அதே சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி. என் தகப்பனார் மட்டாஞ்சேரியில் நெய் விற்றார். என் மனைவி ஞாயிறுதோறும் வெண்ணெய் உருக்குகிறாள். மூன்றாவது வரி உன்னைப் பற்றியதாக இருக்க வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். நீ பாலை விட்டுவிட்டாயா, இல்லை அறைக்குப் போய்ப் பால்காப்பி குடிக்கிறாயா? அம்மாவைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளாக வாரந்தோறும் பேசுகிறோம், சாப்பிட்டாயா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறோம், என்ன சாப்பிட்டாய் என்று ஒரு முறையும் கேட்டதில்லை. தெரியாததை நான் எழுதுவதில்லை. ஆகவே, என் மகள் இப்போது என்ன உண்கிறாள் என்பது எனக்குத் தெரியாது, அதை அவளே சொல்வாள் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் கையெழுத்தோடு போன சரக்கு இதுவரை ஒன்றும் திரும்பி வந்ததில்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் அவர் நான்காம் தேதி உன் எதிரில் நிற்பார்.

சரியான நேரத்தில் தூங்கு, தொண்டையை மூடிக்கொண்டு வெளியே போ. குலதெய்வம் உனக்கு நல்ல உடம்பும் நேரான வாக்கும் தரட்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை உருக்கிய நெய்யில் ஒரு பாட்டிலைத் தனியே எடுத்து மூடி வைத்துவிட்டு, உனக்கு அனுப்பலாமா என்று அம்மா தினமும் கேட்கிறாள். அனுப்பு என்றும் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. எது உண்மையோ அதை அவளுக்கு எழுது. முதலில் அவளுக்கு, பிறகு ஏப்ரல் நான்காம் தேதி.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா,
பா. விஸ்வேஸ்வரன்,
நெய்க்கடை வீடு.