மேஸ்திரி ஊற்றிய கிளாஸ்

அடி அண்ணாமலை
மார்கழி பிறந்த மறுநாள்

பம்பாயில் இருக்கும் மகன் சகாதேவனுக்கு, உன் அப்பா அப்பாசாமி சொல்லச் சொல்ல உன் அக்கா கஸ்தூரி எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை, ஏரியில் தண்ணீர் நிற்கிறது, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, அங்கே உன் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும். சாராயக்கடையைத் திறந்துவிட்டு, பின்னாலேயே பங்களாதேஷ் சண்டையும் வந்ததே, அந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போன வருஷம் அது.

ஏன் கேட்கிறேன் என்றால், உன் கம்பெனியிலிருந்து தீபத்துக்கு வந்த உன் மாமன் மகன் காசி இங்கே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு பெருமை அடித்தான். மச்சான் இப்போ பெரிய ஆளு மாமா, சனிக்கிழமை ஆனா பார்ட்டி, மேனேஜர் தன் கையாலயே ஊத்திக் குடுக்கறாரு என்றான். உன் அம்மா பார்ட்டி என்றால் விருந்து என்று நினைத்து, மவராசன், கூப்ட்டு சோறு போடறாரே என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் பிள்ளைக்கு ஊத்திக் குடுக்க அவன் யார்ரா என்றேன். காசி சிரிக்கிறான். அப்டி இல்ல மாமா, வராதவன் பேரு அவருக்கு மறந்துபூடும், தை மாசம் வேலைய நிரந்தரம் பண்றப்போ அந்தப் பேரு இருக்காது, எல்லாக் கம்பெனியிலும் இதான் பழக்கம் என்றான். பழக்கமாம்! படித்தவர்கள் கண்டுபிடித்த புதுப் பழக்கம் என்று நினைப்பு. இதை நான் அன்றைக்கே பார்த்தவன்.

உன் சித்தப்பன் சடையன் கிணறு வெட்டும் கோஷ்டியில் இருந்தான், அவனோடு தாண்டவன், கண்ணாயிரம், எல்லாம் மீசை முளைத்த புதுசு. நான் அவர்கள் வெட்டிப் போட்ட கல்லை வண்டியில் ஏற்றுகிறவன். சாராயக்கடை திறக்கிற வரைக்கும் மேஸ்திரி கோதண்டராமன் சனிக்கிழமை சாயங்காலம் கிணற்று மேட்டில் வைத்துத்தான் கூலி கொடுத்தான். திறந்த பிறகு கடையில் உட்கார்ந்துகொண்டு அங்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னான், கடை அவன் மச்சினனுடையது. முதல் கிளாஸ் மேஸ்திரி கையால். வாங்காவிட்டால் அவனை மதிக்கவில்லை என்று அர்த்தம், அடுத்த வாரம் வேலை கிடையாது. சடையனுக்கு அந்த வாடையே ஆகாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றான். என் கையால குடுக்கறதையே தட்றியா, ஆம்பளையாடா நீ, போய் உங்கம்மாகிட்ட பாலு குடி என்றான் மேஸ்திரி. கோஷ்டியே சிரித்தது. வாங்கிக் குடித்தான். பிறகு யாரும் ஊற்றிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி குடித்தது தெளியாமல் கிணற்றில் இறங்கும்போது கால் கயிற்றில் நிற்காமல் பாறை மேல் விழுந்தான். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்கு நீதான் கொள்ளி வைத்தாய், அதற்கு அடித்த மொட்டைதான் அது. கருமாதிக்கு வந்த மேஸ்திரி, பையன் அளவு தெரியாம குடிச்சிட்டான் என்று எல்லார் எதிரிலும் சொன்னான். அளவு! ஊற்றின கை யாருடையது?

வயிற்றுப்புண் என்று தம்பி சொல்லித் தப்பித்துக்கொள்ளட்டுமே என்று கஸ்தூரி எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொல்கிறாள். பொய் எதற்கு? வேண்டாம் என்று ஒரு ஆண்பிள்ளை சொன்னால் போதாதா? காசியிடம் நான் இன்னொன்றும் கேட்டேன், உங்க மேனேஜர் எவ்ளோ குடிப்பாரு என்று. அவருக்கு ஒத்துக்காது மாமா, வெறும் சோடாதான் என்றான். கோதண்டராமனும் கடையில் உட்கார்ந்து கோலி சோடாதான் குடித்தான் சகாதேவா, ஒரு நாளும் ஒரு சொட்டு வாயில் வைத்தவன் இல்லை.

நிரந்தரம் பண்ணாவிட்டால் போகட்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா, ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் ஒருத்தரும் கேட்க மாட்டோம். அந்த மேனேஜரிடம் என் பேரைச் சொல்லியே சொல், எங்க அப்பா வேண்டாம்னுட்டார் என்று. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். உன் அம்மா காசியிடம் பொரிவிளங்காய் உருண்டையும் விபூதியும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள், அவன் வழியிலேயே தின்று தீர்க்காமல் கேட்டு வாங்கிக்கொள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, பொழுது சாய்ந்ததும் படுத்துத் தூங்கு, யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே. நீ நூறு வயசு இருக்க வேண்டும், என் கண் மூடும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

தாண்டவன் ரத்த வாந்தி எடுத்துப் போனான். கடையை மூடிய பிறகு கண்ணாயிரம் மரத்துக்குப் பூசுகிற பாலிஷ் தண்ணியைக் குடித்துக் கண் அவிந்து போய்ச் சேர்ந்தான். அந்தக் கோஷ்டியில் இன்றைக்கும் உயிரோடு இருந்து, பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு கைத்தடிகூட இல்லாமல் மலை சுற்றிக்கொண்டு நம் வாசல் வழியாகப் போகிறவன், கோதண்டராமன் ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்பாசாமி, இடது கைப் பெருவிரல் ரேகை