பெரிய அணு ஏன் பலமாக இழுப்பதில்லை, பாவாயி?

என் செல்லப் பாவாயிக்கு,

இன்று நான் வாய் திறந்து பேசினேன்! அஸ்தம்பட்டிப் பள்ளிக்கூடத்தில், நாற்பது பெண்கள் முன்னால். சோதனைப் பாடம். தலைமையாசிரியைக்குப் பிடித்தால் வேலை. இல்லையென்றால் நாமக்கல்லுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார்கள்.

தனிம அட்டவணையைக் கரும்பலகையில் வரைந்தேன். ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகப் போகப் போக, எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் பலம் அணுவுக்குக் கூடும், கீழே இறங்க இறங்கக் குறையும் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முன்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "ஏனுங்க டீச்சர், புளோரினை விட அயோடின் பெருசுங்களே. பெருசுதானுங்களே பலமா இழுக்கோணும்?"

கல்லூரி விடுதியில் நீ கேட்ட அதே கேள்வி! "பெரிய ஊடுன்னா ஆள்பலம் சாஸ்தி புள்ள, அதுதான் இழுக்கும்" என்று உன் பள்ளிபாளையம் ராகத்தில் அடம்பிடித்தாயே. எனக்கு அப்போதே விடை தெரியும். விளக்கக் கூச்சப்பட்டு, "புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன். "போடி ஊமைச்சி" என்று சிரித்தாய். அந்த விடுமுறையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று.

இன்றும் அதே பதில் நாக்கு நுனிவரை வந்தது. தலைமையாசிரியை வாசலில் நின்றிருந்தார். புத்தகத்தை மூடினேன். "எல்லாரும் கும்மிக்கு நில்லுங்க" என்றேன்!

பெஞ்சுகளைத் தள்ளினோம். நடுவில் ஒருத்தி, அவள்தான் அணுக்கரு. சுற்றி உள் எலெக்ட்ரான்களாக ஒரே வளையம், புளோரின் போலச் சின்ன அணு. அதற்கு வெளியே நான் நீட்டிய கைக்குட்டைதான் எலெக்ட்ரான். நடுவில் நின்றவள் எட்டிப் பிடுங்கிவிட்டாள்! பிறகு அயோடின் போலப் பெரிய அணு: நடுவில் மூன்று பேர், ஆனால் சுற்றி நான்கு வளையம். எம்பினார்கள், கத்தினார்கள், ஒரு கைகூட வெளியே வரவில்லை. வரிசையில் வலப்பக்கம் போவதைக் காட்ட, மறுபடி ஒரே வளையமாக்கி, நடுவில் மட்டும் ஆளைக் கூட்டினேன். கைக்குட்டை கிழிந்தே போனது.

"தூரமும் மறைப்பும்தானுங்க டீச்சர்!" என்று குதித்தாள் கேள்வி கேட்டவள். "பெரிய ஊட்டுல நடுவுல இருந்து கூப்பிட்டா வாசல்ல இருக்கறவளுக்கு எங்கீங்க கேக்குது?"

இதைக் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. "நாளையிலிருந்து வந்துருங்கம்மா. பெஞ்சை மட்டும் பழையபடி போட்டுடுங்க" என்றார்.

நீ இரண்டு மாதம் மூத்தவள். "அக்கான்னு கூப்பிடுடி" என்பாய். அதையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். இனி யார் கேட்டாலும், தெரிந்ததை விழுங்காமல் உரக்கச் சொல்வேன், அக்கா.

உன் தங்கச்சி,
நல்லம்மா