ஹொப்ஸ் பூவும் உன்னுடைய மூக்கும்

மச்சான்,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னவன். இந்தக் கசப்புப் பியரை ஒரு காலத்தில் ரொறன்ரோச் சனம் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கும் என்று சொன்னேன். உன்னுடைய மகள் ஸ்ரௌவ்வில் பக்கம் பெரிய வீடு வாங்குவாள் என்று, அவள் தவழ முதலே சொன்னேன். எனக்கு முதல் நீ போய்விடுவாய் என்றும் ஒரு நாள் பகிடியாகச் சொன்னேன். அதுவும் பலித்துவிட்டது. பலிக்காத ஒன்றையாவது நான் வாழ்க்கையில் சொல்லியிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வீடு குடிபூரல். பால் பொங்கி, ஐயர் போன பிறகு, பின்வளவில் கதிரைகள் போட்டிருந்தார்கள். மருமகன் ஒரு பியர்க் கானைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் உடைத்தான். உடைத்ததும் எழும்பியது அந்த மணம். பச்சைப் புல், மரப் பிசின், தோடம்பழத் தோல் எல்லாம் சேர்ந்த மணம், பியருக்குக் கசப்பும் வாசமும் தருகிற ஹொப்ஸ் பூவின் மணம். நான் கையிலிருந்த வடையை வைத்துவிட்டேன்.

உன் மகள் பக்கத்தில் வந்து இருந்தாள். "அங்கிள், அந்த ஸ்ரோரியைச் சொல்லுங்கோ. நான் சொன்னா இவர் நம்புறாரில்லை."

"எந்த ஸ்ரோரி பிள்ளை?"

"அப்பாவுக்கு மூக்குத் திரும்பி வந்த ஸ்ரோரி."

சொன்னேன். எழும்பி நின்று, கையைக் காலை ஆட்டி, வழமையைவிடக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். சனம் கைதட்டியது. அவள் கண்ணைத் துடைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதுதான் உனக்கு எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுத?

தொண்ணூறுகளில் டோர்செட் பார்க் பகுதியில் இருந்தோமே, அந்த உயரக் கட்டடம். அறையில் நீயும் உன் மனைவியும், ஹோலில் நானும் என் மெத்தையும். வந்த முதல் மாரி. கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நீ முன்னால் நடக்கிறாய், நான் பின்னால்.

"உந்தச் சப்பாத்து ஐஸில வழுக்கும். பூட்ஸ் வாங்கு எண்டு எத்தனை தரம் சொல்லிப்போட்டன்," என்றேன்.

"நீ முதல் உன்ரை காலைப் பாத்து நட," என்று திரும்பிச் சொன்னாய். சொல்லி முடிய முதல் விழுந்தாய். பின்மண்டை நிலத்தில் அடிபட்ட சத்தம் இன்னும் கேட்கிறது. வெங்காயம் ஐஸில் உருண்டு போனது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினேன் என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அம்புலன்ஸ் வந்தது என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

மண்டையில் தையலோடு வீட்டுக்கு வந்தாய். பிழைத்துவிட்டாய் என்று சந்தோஷப்பட்டோம். பிறகொரு நாள் நான் வேலையால் வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் புகை. அடுப்பில் மீன்குழம்பு கருகிக் கரியாகிக் கிடந்தது. நீ அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தாய்.

"என்னடா, மணக்கேல்லையோ?"

நீ திரும்பிப் பார்த்தாய். அந்த முகத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. அலங்கரித்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

மூளைக்கும் மூக்குக்கும் நடுவில் நூல் மாதிரி நரம்புகள் இருக்கிறதாம், விழுந்த அடியில் அறுந்திருக்கலாமாம். திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்றார் டொக்டர். நீ சமையல்காரன். டவுன்ரவுன் உணவகத்தில் சூப் அடிப்பிடித்தது தெரியாமல் கிண்டிக்கொண்டு நின்றதற்குப் பிறகு உன்னைப் பாத்திரம் கழுவ விட்டார்கள். "கோப்பை கழுவ மூக்குத் தேவையில்லைத்தானே," என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். ஆனால் உன்னுடைய கவலை வேலையைப் பற்றியதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. உன் மனைவிக்கு அப்போது வயிற்றில் பிள்ளை.

"மச்சான், பிள்ளை பிறந்தா உச்சி மோர வேணுமெல்லே," என்றாய் ஒரு பின்னேரம், பல்கனியில். "வெள்ளைக்காரனெண்டால் சொண்டால கொஞ்சிப்போட்டு விடுவான். எங்கடை ஆக்கள் மூக்காலயெல்லோ கொஞ்சுறது. மோந்து பாக்காமல் அது என்ரை பிள்ளையெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் என்ன செய்வேன்? என்னுடைய வாய் எனக்கு முன்னால் ஓடுகிற வாய். "பிள்ளை பிறக்க முதல் உன்ரை மூக்கை நான் கொண்டுவந்து தாறன்," என்றேன்.

பிறம்ரனில் நான் வேலை செய்த பண்டகசாலையில் ஒருவன் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவன். ஒரு நாள் ஹொப்ஸ் பக்கற்றைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். காய்ந்த பச்சைப் பூக்கள். அடைத்திருந்த என் மூக்கு பட்டென்று திறந்தது. செத்த மூக்கை எழுப்ப இதைவிட மருந்து இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் இரசாயனம் எனக்கு இரத்தத்தில் இருக்கிறது என்று உனக்குச் சொன்னேன். நீயும் ஓம் என்றாய். வாளி, குழாய், தகரத்தில் அடைத்த பார்லி மோல்ற் பாகு, புளிக்கவைக்க ஈஸ்ற் எல்லாம் வந்து சேர்ந்தன.

முதல் தரம் நான் செய்தது எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை. பூவைக் கண்டதும் எனக்குக் கசாயம்தான் ஞாபகம் வந்தது. முழுப் பக்கற்றையும் சட்டியில் கொட்டி, நாலில் ஒரு பங்காக வற்றும் வரைக்கும் காய்ச்சி, வடித்துப் பாகில் ஊற்றினேன். பக்கற்றில் எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை என்று சொல்லாதே. வாசித்தேன், ஒத்துக்கொள்ளவில்லை.

உன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றா. "அண்ணை, பிள்ளை பெறப்போறது நான். கசாயம் குடிக்கிறது நீங்களோ?"

பியர் தயாரானதும் ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றினேன். எனக்கு நாக்கு மடிந்துவிட்டது. மணம் என்று மருந்துக்கும் இல்லை, எல்லாம் ஆவியோடு போய்விட்டது. நீ மட்டும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாய்.

"கசக்குது," என்றாய். "மச்சான், கசக்கிறது தெரியுது. சோறு, கறி, தேத்தண்ணி எல்லாம் ஒண்டுதான் எனக்கு இப்ப. இது தெரியுது."

நான் வெற்றி என்று துள்ளினேன். கசப்பு நாக்கின் வேலை, மூக்கின் வேலை இல்லை என்று உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். நான் அடுத்த கிளாஸை ஊற்றினேன், நீ அதையும் குடித்தாய்.

பூவை முதலே போட்டால் கசப்பு, கடைசியில் போட்டால் மணம் என்று பண்டகசாலைக்காரன் சொன்னான். அதை நானே கண்டுபிடித்ததாக உனக்குச் சொன்னேன். இரண்டாம் தரம் பாதியை முதலும் பாதியை அடுப்பை நிறுத்தும்போதும் போட்டேன். மணம் கதவுக்குக் கீழால் போய், நடைபாதையில் நடந்து, லிஃப்ற்றில் ஏறி இறங்கியது. கட்டடத்தைப் பார்க்கிற சூப்பர் வந்து தட்டினான். கஞ்சா என்று நினைத்து வந்தவன். மூன்று பொலிஸ் வந்தது என்று நான் சொல்வேன், உண்மையில் அவன் ஒருவன்தான். சட்டியைக் காட்டினேன், மூக்கைச் சுருக்கிக்கொண்டு போனான். உன் மனைவி ஓங்காளித்துச் சத்தி எடுத்துவிட்டுப் பல்கனியில் போய் இருந்தா. பக்கத்து வீட்டுக்காரர் யன்னல்களைத் திறந்தார்கள்.

நீ சட்டிக்கு மேலே முகத்தைக் குனிந்துகொண்டு நின்றாய். முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் வடிந்தது.

"வருதோ?" என்றேன்.

"சூடு வருது," என்றாய்.

கட்டடம் முழுவதற்கும் மணந்தது. உனக்கு மட்டும் இல்லை.

மூன்றாம் தரம் நீ கெஞ்சினாய். "விடடா. அது செத்துப்போச்சு. நீ இனிமேல் பூப் போடாத." நான் விடவில்லை. இம்முறை பூவைக் காய்ச்சவே இல்லை. பியர் புளித்து அடங்கிய பிறகு, ஆறிய வாளியிலேயே பூவை அள்ளிக் கொட்டி மூடி வைத்தேன். நெருப்புப் படாத மணம் முழுதாக இறங்கும் என்பது கணக்கு. அந்த வாளி மூடியிருந்த நாட்களில்தான் உன் மகள் பிறந்தாள்.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவுக்கு வந்த ஆட்கள் போய் வீடு அமைதியான பின்னேரம், வாளியிலிருந்து அடைத்து வைத்த போத்தலைத் திறந்தேன். நல்ல பொன்னிறம், மேலே வெள்ளை நுரை. இதுவரைக்கும் இந்த ஊரில் அப்படி ஒரு பியர் காய்ச்சப்படவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். நீ கிளாஸை மூக்கடியில் பிடித்தாய். கண்ணை மூடினாய். "தோடம்பழத் தோல்," என்றாய். கிளாஸை வைத்துவிட்டு அறைக்குள் போய், பிள்ளையின் உச்சியில் மூக்கை வைத்து, நெடுநேரம் எடுக்காமல் நின்றாய். உன் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

இதுதான் ஊர் அறிந்த கதை. பிறந்தநாள், கலியாணம், எல்லா இடத்திலும் நான் சொன்ன கதை. அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் உன்னையே கேட்டாள், உண்மையா அப்பா என்று. "அங்கிள் சொன்னாச் சரிதான்," என்று அவள் தலையில் கைவைத்தாய். போன மாசியில் உன்னுடைய சவப்பெட்டியைச் சுற்றி அவ்வளவு பூ வைத்திருந்தார்கள். யாருக்காக என்று நினைத்தேன். அங்கேயும் அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "அப்பாவுக்கு என்ரை மணம் தெரியுமெல்லே அங்கிள்," என்றாள். ஓம் பிள்ளை என்றேன். இனி அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் இல்லை. உனக்கு மட்டும் சொல்லலாம், நீ அங்கே நின்றவன்.

தோடம்பழத் தோல் என்று சொன்னது நீ இல்லை. அது நான் கட்டிய கதை. நீ கிளாஸை மூக்கடியில் பிடித்து, மூச்சை இழுத்து, இழுத்து, கடைசியில் என்னைப் பார்த்து, "என்ன மணம் எண்டு சொல்லு," என்றாய். தோடம்பழத் தோல் என்று நான்தான் சொன்னேன். நீ அதைப் பாடம் படிக்கிற மாதிரி இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தாய். பிறகு அறைக்குள் போனாய். உச்சியில் மூக்கை வைத்தாய். வெறுமையாகத் திரும்பி வந்து, பிள்ளையை என் கையில் தந்தாய்.

"இவள் என்ன மணம்? நீ மோந்து சொல்லு மச்சான்."

குனிந்து மோந்தேன். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிற எனக்கு அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நீ என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாய். இத்தனை வருஷமாகியும் அந்த மணம் என்னிடம்தான் இருக்கிறது, மச்சான். உனக்குச் சேரவேண்டியது.