இலக்கம் 48/11, அடுப்பு ஒன்று

2023 பெப்ரவரி 7, செவ்வாய்

இன்றும் 155 பஸ்ஸில் நின்றபடியே முகத்துவாரம் போனேன். வெள்ளவத்தை அறையிலிருந்து, கொழும்பின் மறு முனைக்கு, ஒரு மணி பத்து நிமிடம். நியமனக் கடிதத்தில் ‘ஓராண்டு தேசிய சேவைப் பயிற்சி’ என்று இருக்கிறது. நான்கு வருடம் புவியியல் படித்து, இரண்டு வருடம் ஊரில், வட்டக்கச்சியில், சும்மா இருந்தவளுக்குத் தேசம் வைத்து எழுத ஒரு மட்டையும் ஒரு பேனையும் தந்திருக்கிறது. முதல் ஆறு மாதம் அலுவலகத்தில் பைல்களுக்கு நூல் கட்டினேன். போன கிழமையிலிருந்து வெளி வேலை. தோட்டம் என்று இங்கே சொல்லும் கரையோரச் சேரிகளில் உள்ள வீடுகளை எண்ணி எழுத வேண்டும். அந்தக் காணியை எடுத்துக்கொண்டு சனத்தை மாடி வீடுகளுக்கு ஏற்றப் போகிறார்கள். காணி யாருக்கு என்று கேட்டேன். “உங்களுக்கு அது தேவையில்லாத கதை, தங்கச்சி” என்றார் விக்ரமன் சேர். அவர்தான் எங்கள் மேலதிகாரி. செட்டியார்தெருவில் தகப்பனுக்குக் கடை இருக்கிறது. இவர் மட்டும் அரசாங்க உத்தியோகம்.

பின்னேரம் வீட்டுக்கார அன்னபாக்கியம் அன்ரி வாசலிலேயே மறித்தா. “பிள்ளை, முகத்துவாரம் போட்டு வந்த செருப்பை வெளியில விட்டிட்டு வாரும்.”

அன்ரியின் மகன் கனடாவில் பழைய சாமான் ஏற்றி இறக்குகிறவன். அவனுடைய செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறதோ.

பெப்ரவரி 19, ஞாயிறு

எழுதவே எரிச்சலாக இருக்கிறது. இந்த ஊர் எனக்குப் பிடிக்கத் தொடங்கிவிட்டது.

வரும்போது ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தேன். இன்று காலை தனியாகக் காலி வீதியில் நடந்தேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் எனக்கு எதிரே தெரியாத ஒரு மனிதன் வந்திருந்து இடியப்பம் சாப்பிட்டான். என்னைப் பார்க்கவேயில்லை. ஊரில் ஒரு சோடா குடிக்க நின்றாலே, குடித்து முடியும் முன் அம்மாவுக்குத் தகவல் போய்விடும். இங்கே நான் யாருடைய மகள் என்று கேட்க ஒருவரும் இல்லை.

பிறகு ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளம் கடந்து, கல்லில் இருந்தேன். ரயில் போகும்போது முதுகு அதிர்ந்தது. முன்னால் கடல். இரண்டு மணித்தியாலம் ஒன்றும் யோசிக்கவில்லை. கடைசியாக அப்படி இருந்தது எப்போது?

மாலை பஸ் பலகையில் சிங்கள எழுத்தை நானாக வாசித்தேன். மட்டக்குளி. ஒருவரையும் கேட்கவில்லை. சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது. அறைத்தோழி சுபோதினியிடம் சொன்னேன். அவள் கணக்கியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். “ரூபிகா, நீர் பஸ்ஸைத்தான் லவ் பண்ணுவீர் எண்டு எனக்கு முதலே தெரியும்” என்றாள்.

மார்ச் 2, வியாழன்

படிவத்தில் முக்கியமான நிரல் ஏழாவது. அறிவுறுத்தல் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு மாடி வீடு. ஒரு கூரைக்குக் கீழ் மூன்று அடுப்பு இருந்தால் மூன்று வீடு.

சனத்துக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. இன்று ஒரு வீட்டில் இரண்டாவது என்று புது கேஸ் அடுப்பு ஒன்றைக் காட்டினார்கள். பின்னால் திருப்பினேன். குழாய் இருக்கிறது, சிலிண்டர் இல்லை. தட்டில் ஒரு கறை இல்லை. “இதில எப்ப கடைசியாச் சமைச்சனீங்கள்?” என்று கேட்டேன். வீட்டுக்காரன் நிலத்தைப் பார்த்தான். ‘ஒன்று’ என்று எழுதினேன்.

விக்ரமன் சேர் கூட்டத்தில் என்னைக் காட்டிச் சொன்னார்: “இந்தப் பிள்ளையை ஏமாத்த ஏலாது.”

பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 9, வியாழன்

இலக்கம் 48/11. இரண்டு அறை, ஒரு தகரச் சாய்ப்பு. வீட்டுக்காரி நளீபா. புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். மூத்த மகள் பஸ்லா, அவளுடைய புருஷன், மூன்று பிள்ளைகள். மகன், மருமகள், ஒரு கைக்குழந்தை. பத்துப் பேர். தோட்டத்தில் எல்லோரும் அந்த மனிசியை அக்கா என்கிற மாதிரி ராத்தா என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எத்தனை அடுப்பு என்று கேட்டேன்.

“ஒண்ணுதான் மிஸ். முந்தி மூணு பேரும் தனித்தனியாத்தான் ஆக்கின. போன வருஷம் கேஸ் இல்லாம போச்சே, அப்ப ஒரு சட்டியில ஆக்கப் பழகினோம். பொறகு பிரிக்க மனசு வரல்ல. ஒரே சட்டியில தின்டா பரக்கத்து ஈக்கி, அல்லாஹ்ட அருள்.”

கட்டிலுக்குக் கீழே பொலித்தீன் சுற்றிய இரண்டு அடுப்புகளைப் பார்த்தேன். நூல் கட்டி, தூசி படிந்து. காட்டுவதற்காக வைத்திருந்தால் வெளியில் வைத்திருப்பார்கள். பாவிப்பதும் இல்லை. அறிவுறுத்தல் என்ன சொல்கிறது? சமைத்து உண்பவர்கள். ‘ஒன்று’ என்று எழுதினேன். ராத்தா வாசிக்காமலே கையெழுத்து வைத்தா. “மிஸ் எழுதினா சரியாத்தானே ஈக்கும்.”

பிறகு அந்தச் சட்டியிலிருந்தே எனக்கும் சோறு போட்டா. மீன் தலையும் முருங்கைக்காயும். நான்கு நாளாகக் கடைச் சோறு. வெட்கமில்லாமல் இரண்டாம் தரமும் வாங்கினேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

நோன்பு திறக்க வரச்சொல்லி ராத்தா நேற்றே போன் எடுத்தா. போனேன். கஞ்சி, பெட்டிஸ், பேரீச்சம்பழம். பஸ்லாவுக்கு என் வயது. பெரிய வாய். “மிஸ்ஸுக்கு மாப்பிள்ளை பாக்கச் சொல்லி எங்கட உம்மா பள்ளிவாசல்ல எனவுன்ஸ் பண்ணப் போறா” என்றாள். பத்துப் பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அதற்கு முன் அவள் என்னைக் களனி கங்கை கடலில் விழும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மண் நிறத் தண்ணீர் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். நடுவில் ஒரு கோடு. அதன் மேல் ஒருவன் வள்ளத்தில் நின்று வலை எறிந்தான். பின்னால் துறைமுகத்து இரும்புக் கொம்புகள். குப்பை நாற்றம். இந்த ஊரை ஒருவரும் படம் வரைந்து மாட்டமாட்டார்கள். எனக்கு இங்கேயே இருக்க வேண்டும் போல இருந்தது.

வியாழக்கிழமை விக்ரமன் சேர் சொன்னது: ஓகஸ்டில் பயிற்சி முடியும். அறிக்கை சுத்தமாக இருப்பவர்களுக்குக் கொழும்பில் நிரந்தர நியமனம். மற்றவர்கள் வீட்டுக்கு. வீடு என்றால் வட்டக்கச்சி. கல்யாணப் பேச்சு. தங்கச்சியின் சைக்கிள். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, வேலை தேடி வர்த்தமானி வாசிக்கிற வாழ்க்கை.

நான் திரும்பிப் போகமாட்டேன்.

ஜூன் 12, திங்கள்

பட்டியல் ஒட்டினார்கள்.

48/11 – குடும்பம் ஒன்று – வீடு ஒன்று – ஒன்பதாம் மாடி. ஒரு படுக்கையறை.

பத்துப் பேர்.

பக்கத்து 48/12இல் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். இரண்டு அடுப்புக் காட்டினவர்கள். அதை எண்ணியது நானில்லை, இன்னொரு பயிலுநர். அவர்களுக்கு இரண்டு வீடு.

மேன்முறையீட்டுக்குப் பதினான்கு நாள்.

ஜூன் 13, செவ்வாய்

பஸ்லா அலுவலகத்துக்கு வந்தாள். என்னிடம்தான் முதலில் வந்தாள். அதுதான் – அதுதான் தாங்க முடியவில்லை.

“மிஸ், கம்பியூட்டர்ல பிழை வந்திட்டு போல. நீங்க மூணு குடும்பம் எண்டுதானே எழுதின?”

நான் வாய் திறக்க முன் விக்ரமன் சேர் எழுந்து வந்தார். “எங்கட பிள்ளை சரியாத்தான் எழுதினவ. மேலதான் வெட்டிப்போட்டாங்க. நீங்க அப்பீல் போடுங்கம்மா.”

அவ்வளவு இலகுவாகச் சொன்னார். தேநீர் கேட்கிற மாதிரி.

பஸ்லா என் கையைப் பிடித்தாள். “பாத்தீங்களா, நான் உம்மாக்கிட்ட சொன்ன. மிஸ் அப்படி எழுத மாட்டா எண்டு.” போய்விட்டாள்.

பிறகு சேரிடம் கேட்டேன், என்னத்துக்குப் பொய் சொன்னீங்கள் என்று. படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஏழாம் நிரல். என் ‘ஒன்று’. கீழே என் கையெழுத்து.

“அப்பீலுக்குக் களத்துக்குப் போன ஆள் எழுத்தில குடுக்கோணும், நான் எண்ணினது பிழை எண்டு. குடுத்தா மூணு வீடும் கிடைக்கும், நிச்சயமாக் கிடைக்கும். ஆனா உங்கட அறிக்கையில பிழை எண்டு விழும். பிறகு நான் உங்களுக்கு ரெக்கமன்ட் எழுத ஏலாது. யோசிச்சுச் செய்யுங்க, தங்கச்சி.”

ஜூன் 16, வெள்ளி

நான் எழுதினது பிழையா? அறிவுறுத்தலின்படி பிழையில்லை. ஒரு அடுப்புத்தான் எரிந்தது. பிழை அந்தத் தாளை எழுதினவனில். கேஸுக்கு வரிசையில் நின்று செத்த சனத்தை, ஒன்றாய்ச் சமைத்ததற்காகத் தண்டிக்கிற நாடு இது. பொய் அடுப்பு வைத்தவனுக்கு இரண்டு வீடு. பரக்கத் என்று சொன்னவளுக்கு ஒன்று. எல்லாம் உண்மை. இதை நான் பத்துப் பக்கம் எழுதுவேன்.

ஒரு பக்கக் கடிதம் எழுத மட்டும் கை வருகுதில்லை.

2009இல் முகாமில் எங்களையும் எண்ணினார்கள். பெரியப்பாவின் குடும்பத்தையும் எங்களையும் ஒரே கூடாரம் என்று பதிந்தான் ஒருவன். பதினொரு பேர், ஒரு கூடாரம், ஏழு மாதம். அம்மா அவனைத் திட்டாத நாளில்லை. அவனுக்கும் ஏதோ ஒரு அறிவுறுத்தல் தாள் இருந்திருக்கும். அவனுக்கும் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்திருக்கும்.

ஜூன் 18, ஞாயிறு

சுபோதினியிடம் சொன்னேன். கொப்பியை மூடிவிட்டுக் கேட்டாள். “அந்தச் சனம் உமக்கு யார்?”

“ஒருத்தரும் இல்லை.”

“பிறகென்ன?”

அந்த வீட்டில் நான் சாப்பிட்ட நாட்களை விரலில் எண்ணிப் பார்த்தேன். இரண்டு கையும் போதவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

கடிதம் எழுதினேன். ஐந்து வரி. பையில் இருக்கிறது.

ஜூன் 21, புதன்

பையில் இருக்கிறது.

ஜூன் 23, வெள்ளி

ராத்தா போன் எடுத்தா. நான் எடுக்கவில்லை. மூன்று தரம்.

வட்டக்கச்சிக்குப் போனால் என்ன? செத்தா போவேன்? அங்கேயும் சனம் இருக்குது தானே. நல்லாத்தான் இருக்குதுகள். எனக்கு மட்டும் என்ன பெரிய – எனக்குத் தெரியேல்ல. காலையில் பஸ் மருதானைப் பாலம் ஏறும்போது நெஞ்சுக்குள்ள ஒன்று திறக்கிற மாதிரி இருக்கும். அதைவிட்டு நான் எப்படிப் போறது. இருபத்தேழு வயதில் முதன்முதலாக எனக்கென்று ஒன்று கிடைச்சிருக்குது. அது ஒரு மனிசனாகக்கூட இல்லை. ஒரு ஊர்.

அதுக்காகப் பத்துப் பேரையா?

ஜூன் 26, திங்கள்

கடைசி நாள். பின்னேரம் நான்கு மணிக்கு மேன்முறையீட்டுப் பெட்டியைச் சேர் பூட்டினார். பூட்டும்போது என்னைப் பார்த்தார். நான் மேசையில் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த படிவங்கள்.

ஜூன் 27, செவ்வாய்

இனி எழுதிப் பயனில்லை.

ஓகஸ்ட் 3, வியாழன்

நிரந்தர நியமனம் வந்தது. கொட்டாஞ்சேனைப் பிரிவு. அம்மா போனில் அழுதா, கோயிலுக்கு நேர்த்தி வைத்தவவாம். அன்ரி கேசரி கிண்டித் தந்தா. “இனி அரசாங்க உத்தியோகத்தர்” என்று என்னைப் பக்கத்து வீட்டுக்கு அறிமுகம் செய்தா. செருப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

48/11இன் மேன்முறையீடு தள்ளுபடி. எங்கள் பைலில் காரணம்: களப் பயிலுநரின் கடிதம் இணைக்கப்படவில்லை. வீட்டுக்காரருக்குப் போகிற தாளில் காரணம் எழுதுவதில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்துவிட்டேன். ஜன்னலில் நின்றால் பெரிய தேவாலயத்தின் குவிமாடம் தெரியும். மாலையில் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒன்றன் மேல் ஒன்றாக வரும். இப்படி ஒரு ஜன்னல் வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறேன்.

முகத்துவாரத்துத் தோட்டத்தைப் போன கிழமை இடித்து முடித்துவிட்டார்களாம். நான் போகவில்லை. போகிற வேலையும் இப்போது எனக்கில்லை.

நவம்பர் 18, சனி

சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். முன்னால் ராத்தா. ஒளிக்க இடமில்லை. மெலிந்துபோய் இருந்தா.

பஸ்லாவும் பிள்ளைகளும் புத்தளத்துக்குப் போய்விட்டார்கள், புருஷனின் ஊருக்கு. பெரியவனுக்கு அங்கே இன்னும் பள்ளிக்கூடம் சரிவரவில்லை. மகன் வத்தளையில் வாடகைக்கு. ஒன்பதாம் மாடியில் ராத்தாவும் புருஷனும் மட்டும். “நாங்க ரெண்டு பேருதான் மிஸ். அவருக்கு முழங்கால் ஏலாது. லிப்ட் பழுதானா கீழ எறங்கிறதே இல்ல.”

நான் மீன் பையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

“நீங்க எங்களுக்காக எழுதின. மேல வெட்டினதுக்கு நீங்க என்ன செய்ய? பஸ்லா எப்பவும் ஒங்கள நெனைக்கும். ஒவ்வொரு தொழுகையிலயும் ஒங்களுக்கும் சேத்துத்தான் துஆ கேக்குற.”

சொல்லியிருக்கலாம். சந்தைக்கு நடுவில், அந்த இரைச்சலில், இரண்டே சொல். வாய் வரை வந்தது. மூட்டை தூக்குகிற நாட்டாமி ஒருவன் வந்து வழி விடச் சொன்னான். விலகினேன்.

ராத்தா என் பையைப் பார்த்தா. “ஐயோ, இந்த மீன் பழசு. அவன் ஒங்கள ஏமாத்திட்டான்.” என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மீன்காரனிடம் சிங்களத்தில் சண்டை பிடித்து மாற்றித் தந்தா. பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றா.

“பேர்மனன்ட் ஆகிட்டீங்களாமே, சேர் சொன்னார். சந்தோஷம் மிஸ். இனி நீங்களும் எங்கட ஊராள்தான்.”

ஓம் ராத்தா என்றேன்.